மூலிகைப் பொடி பற்றி டாக்டரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். என் மகளுக்கு 8 வயது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்திலிருந்து புரதம் சிறுநீரில் கசியும் நோய்) வந்து 2 வருடம் ஆகிறது. தினமும் காலையில் சிறுநீரில் சோதனைப் பட்டையை (டெஸ்ட் ஸ்ட்ரிப்) நனைத்து, அந்த மஞ்சள் கட்டம் பச்சையாகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதுதான் என் முதல் வேலை. பச்சையானால் புரதம் போகிறது என்று அர்த்தம், மறுபடியும் ஸ்டீராய்டு. முகம் ஊதிப்போய், பசி தாங்காமல் அழுவாள்.

அதைப் பார்க்கச் சகிக்காமல் மாமியார் ஒரு மூலிகைப் பொடி வாங்கி வந்திருக்கிறார். பாசத்தில் செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் டப்பாவில் அதிமதுரம் என்று இருக்கிறது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டும் அதையேதான் செய்கிறது! மற்ற சரக்குகளின் பெயரே போடவில்லை. சில பொடிகளில் ஈயம், பாதரசம் கலந்திருப்பதும் உண்டு. அதனால் இன்னும் கொடுக்கவில்லை. மூச்சுப் பயிற்சி, மசாஜ் என்றால் சரி, எனக்குத் தயக்கமே இல்லை.

முன்பு ஒரு டாக்டரிடம் இப்படிக் கேட்டு நன்றாகத் திட்டு வாங்கினேன். அதிலிருந்து வாய் திறக்கவே பயம். உங்களில் யாராவது டப்பாவையே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறீர்களா? பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்? அப்புறம், பெரியவர்கள் மனம் நோகாமல் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்? அடுத்த வாரம் செக்கப். அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.