ரோஜாவுக்குச் செய்வதை ஹைட்ராஞ்சியாவுக்குச் செய்துவிட்டேன்

ஜப்பானின் யோகோஹாமாவுக்குக் குடிவந்த முதல் ஜூனில் ஒரு பூக்கடை வாசலில் நீலப் பூப்பந்துகளோடு இருந்த ஹைட்ராஞ்சியாத் தொட்டியை வாங்கிவந்தேன். இங்கே அதற்கு அஜிசாய் என்று பேர், மழைக்காலம் தொடங்கும்போதுதான் பூக்கும். சின்ன வயதில் குன்னூரில் பார்த்த அதே நீலம், விட்டுவிட்டு வர மனசே வரவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் ரோஜாத் தொட்டிகள்தான். அதே மாதிரி பிப்ரவரியில் எல்லாக் கிளைகளையும் ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து, இரண்டு கைப்பிடி எலும்புத்தூளும் போட்டேன். ஜூன் வந்தது. தெருவெல்லாம் பூ, என் தொட்டியில் வெறும் இலை. அழுகையே வந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பாட்டிதான் விஷயத்தைச் சொன்னார். அடுத்த வருஷத்து மொட்டு இலையுதிர்காலத்திலேயே தண்டின் நுனியில் உருவாகி, குளிர் முடியும்வரை அங்கேயே உறங்குமாம். அதைத்தான் வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். பூ வாடியதும் ஜூலைக்குள் வெட்டிவிட வேண்டும், அப்புறம் கத்தரியைத் தொடவே கூடாது என்றார்.

அப்படியே செய்தேன், மறு வருஷம் பூத்தது, ஆனால் இளஞ்சிவப்பாக! காரணம் அந்த எலும்புத்தூள். மண்ணில் இருக்கும் அலுமினியம் வேர் வழியாகப் பூவுக்குப் போனால்தான் நீலம் வரும், அதற்கு மண்ணின் பிஹெச் 5.5க்குக் கீழே, அதாவது நல்ல அமிலமாக இருக்க வேண்டும். எலும்புத்தூளில் உள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்து அமிலத்தைக் குறைத்துவிடும். குன்னூரில் யாரும் எதுவும் போடாமலே நீலமாகப் பூப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது, அது தேயிலை விளைகிற அமில மண்ணாயிற்றே. (வெள்ளை ரகம் வைத்திருப்பவர்கள் மண்ணை மாற்றிப் பார்க்க வேண்டாம், அது நீலமாகாது.)

பிறகு கானுமா மண்ணுக்கு மாற்றினேன், இங்கே அசேலியாப் பூச்செடிக்குப் போடும், அமிலத்தன்மையுள்ள எரிமலை மண் அது. தொட்டியையும் மேற்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்தேன். ஆகஸ்டில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன், ஒரு வேளை தவறினாலும் இலையெல்லாம் துவண்டுவிடும்.

இந்த ஜூனில் காமகுராவின் மெய்கெட்சு-இன் கோயிலுக்குப் போனேன். படிக்கட்டின் இரண்டு பக்கமும் ஒரே நீலம், நகரவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து என் தொட்டியைப் பார்த்தேன்: மூன்று பந்துகள், இரண்டு ஊதா, ஒன்று நீலம்.