மின்வெட்டிலும் பதிவாகும் வைஃபை கேமரா எது?

யாங்கூனில் எங்கள் மசாலாக் கடை வாசலுக்குக் கேமரா தேடுகிறேன். இப்போது இருப்பது 1080பி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, மெமரி கார்டு வகை. கரண்ட் போனதும் அதுவும் ரவுட்டரும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. போன மாதம் இருட்டில் யாரோ பூட்டை நெம்பியிருக்கிறார்கள், எதுவும் பதிவாகவில்லை. அப்பா இரவில் கடைக்குள்தான் படுக்கிறார், அதனால்தான் இவ்வளவு கவலை.

ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வைத்தேன், நீண்ட வெட்டுக்குத் தாங்கவில்லை. பவர் பேங்கில் கேமராவை மாட்டினால், கரண்ட் போய் வரும்போது அணைந்து மறுபடி தொடங்குகிறது. சோலார் கேமராவையும் பார்த்தேன். பேட்டரியை மிச்சப்படுத்த, பெரும்பாலும் அசைவு தெரிந்தால்தான் விழித்துப் பதியும். அப்புறம் மே முதல் அக்டோபர் வரை மழை வேறு.

இங்கே மழைக்காலத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்: சோலார் கேமரா வாங்கவா, இல்லை இதையே ரவுட்டரோடு பெரிய 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டவா?