இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன், எல்லாரும் ஏறும்வரை

குடும்பத்தோடு ஏரியில் போய்வர பான்டூன் படகு (காற்றடைத்த மூடிய குழாய்கள்மேல் மிதக்கும் தட்டையான தளப் படகு) தேடியதில் கடைசியாக இரண்டு மிஞ்சின. இரண்டுமே 22 அடி நீளம், எட்டரை அடி அகலம், அடியில் இரண்டு அலுமினியக் குழாய்கள், 90 குதிரைத்திறன் எஞ்சின். இருக்கைகள்கூட ஒரே மாதிரி. ஒன்றின் குழாய் விட்டம் 23 அங்குலம், மற்றதில் 25. இரண்டு அங்குலம்தானே என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

முதல் படகை நானும் விற்பவரும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். அருமையாகப் போனது. முன்பணம் கொடுக்கக் கிளம்பியவனை மனைவிதான் நிறுத்தி, "அத்தையும் பிள்ளைகளும் ஏறிப் பார்க்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரம் ஒன்பது பேர் ஏறினோம். பிள்ளைகள் முன்பக்கம் ஓட, அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய படகு ஒன்று கடந்துபோன அலையில் எங்கள் படகின் முன்பக்கம் தாழ்ந்து, கதவுக்கு அடியில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கணுக்கால் நனைகிற அளவுதான். ஆனால் அம்மா பேத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் எனக்கு மறக்கவில்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் பொருத்தியிருந்த தகட்டில் எழுதியிருந்த 11 பேரை நாங்கள் தாண்டவும் இல்லை. பாரம் ஒரே பக்கம் சேர்ந்ததுதான் காரணம்.

அப்புறம் இரண்டாவது படகில் அதே ஒன்பது பேர், அதே இடங்களில். முன்பக்கம் நன்றாக உயர்ந்தே நின்றது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: நீளம் ஒன்றாக இருந்தால், 23 அங்குலக் குழாயைவிட 25 அங்குலக் குழாயின் கொள்ளளவு ஏறக்குறைய 18 சதவீதம் அதிகம். மிதக்கும் திறனும் அவ்வளவு கூடும். அதையே வாங்கினோம். ஆனாலும் ஓடும்போது முன்கதவைத் தாண்டி யாரையும் உட்கார விடுவதில்லை. அங்கிருந்து விழுந்தால் நேராகப் படகுக்கு அடியில், எஞ்சின் விசிறிப் பக்கம்தான் போக வேண்டிவரும்.

பதில்:
எங்களுக்கு முடிவு சொன்னது ஏணி. ஒரு படகில் மூன்று படி, மற்றதில் ஐந்து. கரையில் நின்று பார்த்தபோது அது ஒரு விஷயமாகவே படவில்லை. நீந்திவிட்டு ஏறும்போது அப்பாவின் கால் கடைசிப் படிக்கு எட்டவில்லை, இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. ஐந்து படி தண்ணீருக்குள் நன்றாக இறங்குவதால் இப்போது தானாகவே ஏறிவிடுகிறார். ஏணியை இறக்கும் முன் எஞ்சினை அணைத்துச் சாவியையும் எடுத்துவிடுங்கள்.

பதில்:
காற்று அடிக்கும் நாளிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பான்டூனின் பக்கச் சுவர்களும் விரித்த கூரைத்துணியும் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். நாங்கள் அமைதியான காலையில் பார்த்து வாங்கினோம். முதல் மாதம் முழுக்கப் படகுத்துறையில் ஒட்டி நிறுத்தவே சிரமப்பட்டேன். கூரையை மடக்கிவிட்டு, காற்றுக்கு எதிராக மெதுவாக வந்தால்தான் படகு சொன்னபடி கேட்கிறது.