மயக்க மருந்தும் எதிர்ப்பு சக்தியும்: உங்க அனுபவம் என்ன?

கடலோரம்:
அம்மாவுக்கு மார்பகப் புற்று ஆபரேஷன். முந்தின நாள் ராத்திரி மயக்க மருந்து டாக்டர் வந்தார். "சார், மூச்சு வழியா மயக்க கேஸ் கொடுத்தா, புற்று செல்லைக் கொல்ற வெள்ளணு, அந்த என்கே செல், மந்தமாகிடும்னு படிச்சேன், ஊசியில போடுற மயக்க மருந்து ப்ரோபோஃபால் மட்டும் வச்சு பண்ண முடியாதா?"ன்னு கேட்டேன். எனக்குப் பதில் இல்ல. "வாயை நல்லா திறங்கம்மா"ன்னு டார்ச் அடிச்சு அம்மா தொண்டையைப் பார்த்தார், ஃபைல்ல எழுதினார், போயிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில செவோஃப்ளூரேன்னு இருக்கு, அதே மயக்க கேஸ்தான். ஒவ்வொரு செக்கப்புக்கு முன்னாடியும் அதுதான் மனசைக் குடையுது.

வெண்புறா:
கடலோரம், தயவுசெஞ்சு அந்தப் பாரத்தை இறக்கி வைங்க. 2019ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு இதே கேள்விக்காகத்தான் நடந்துச்சு. மார்பகப் புற்று ஆபரேஷன் ஆன 2,108 பெண்கள். ஒரு பாதிக்கு நரம்பு பிளாக்கும் (அந்த இடத்தை மரத்துப்போக வைக்கிற ஊசி) ப்ரோபோஃபாலும், மறு பாதிக்கு செவோஃப்ளூரேனும் ஓபியாய்டும் (மார்ஃபின் மாதிரி வலி மருந்து). ரெண்டு பக்கமும் நோய் திரும்பினவங்க சுமார் 10 சதவீதம்தான். கேஸும் மார்ஃபினும் என்கே செல்லை மந்தமாக்குறதை ஆய்வகத்துல பார்த்திருக்காங்க, பொய் இல்ல. ஆனா கத்தி பட்டதும் உடம்புல ஏறுற கார்டிசால்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோனே அதுக்குப் பெரிய அடி.

இரவுப்பணி:
வெண்புறா சொல்றது புற்று திரும்புறது பத்தி. தையல்ல சீழ் பிடிக்கிறது வேற கணக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வைக்கிற ரெக்கவரி ரூம்ல ஒரு பெரியவர், பல்லு கிட்டிச்சு நடுங்கி கட்டில் கம்பியே கடகடன்னு ஆடுச்சு. "குளிருதும்மா"ன்னு என் கையை விடவே இல்ல. எந்த மருந்துன்னு சண்டை போடுறவங்க உடம்புச் சூட்டைக் கேக்கவே மாட்டேங்கிறாங்க. கேஸோ ஸ்பைனலோ (இடுப்புக்குக் கீழ மரத்துப்போக முதுகுல போடுற ஊசி), ரெண்டுலயும் சூடு இறங்கும். சில்லிட்டா ரத்தக்குழாய் சுருங்கி காயத்துக்கு ஆக்சிஜன் குறையும். வெள்ளணு கிருமியைக் கொல்ல அந்த ஆக்சிஜன் வேணும். 1996ல 200 குடல் ஆபரேஷன்ல பார்த்தாங்க: சூடா வச்சவங்கள்ல 6 சதவீதம், சில்லிட்டவங்கள்ல 19 சதவீதம் காயத்தொற்று.

முழங்கால்காரன்:
எனக்கு ஸ்பைனல். வலி துளியும் இல்ல, ஆனா எலும்புல அடிச்ச சுத்தியல் தாடை வரைக்கும் அதிர்ந்துச்சு. சரி, ஆபரேஷனுக்குப் போறவங்க இதைக் கேளுங்க. மருந்தை டாக்டர் பார்த்துக்குவார். சிகரெட்டை குறைஞ்சது 4 வாரம் முன்னாடியே விடுங்க. சர்க்கரை ஏறியிருந்தா, அவசரம் இல்லாத ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமான்னு கேளுங்க. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தா கட்டாயம் சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. வீட்ல பிளேடு வச்சு ஷேவ் பண்ணாதீங்க, கீறல்ல கிருமி சேரும். முடியை எடுத்தே ஆகணும்னா அவங்களே கிளிப்பர்ல எடுப்பாங்க.

கடலோரம்:
வெண்புறா, அந்த 10 சதவீதக் கணக்கை அவர் அன்னைக்கே சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? இரவுப்பணி, அம்மா உடம்புச் சூடு எவ்வளவு இருந்துச்சுன்னு எங்க பார்க்கிறது? சம்மரியில இல்ல.

இரவுப்பணி:
சம்மரியில வராது. மயக்க டாக்டர் ஆபரேஷன் நேரத்துல எழுதுற அனஸ்தீசியா சார்ட்ல இருக்கும், ரெக்கார்ட்ஸ்ல எழுதிக் கொடுத்து நகல் கேளுங்க.