ஓடும் நீரில் அடிப்பகுதியில் பனிக்கட்டி படிவது எவ்வாறு?

கேள்வி:
நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில் மிகுதியாக இருப்பதால், ஏரியின் மேற்பரப்பே முதலில் உறையும் என்றும், அடிநீர் உறையாமல் இருப்பதால் மீன்கள் பிழைக்கின்றன என்றும் பள்ளியில் படித்தோம். ஆனால் கடுங்குளிர்ப் பகுதிகளில் வேகமாக ஓடும் சிற்றாறுகள் சிலவற்றில், மேற்பரப்பு திறந்தே இருக்கும்போது அடியில் உள்ள கற்களின்மேல் பனிக்கட்டி அப்பிக்கிடப்பதைக் காணொளிகளில் பார்த்தேன். ஓடும் நீர் உறையாது என்றும் பலர் சொல்கிறார்கள். இவை எப்படிப் பொருந்தும்?

மறுமொழி 1:
நீங்கள் படித்த விதி சரிதான். ஆனால் அது அசையாத நீருக்கு உரியது. ஏரியில் 4 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடுகிறது. வேகமான ஓடையிலோ சுழல்கள் நீரை மேலும் கீழுமாக ஓயாமல் புரட்டுவதால், அடர்த்தி வேறுபாடு அடுக்குகளை உருவாக்க இடமே கிடைப்பதில்லை. மேற்பரப்பு முதல் அடித்தளம் வரை ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் முழு நீரும் குளிர்ந்து 0 டிகிரியை அடைகிறது. அதன் பிறகும் காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டிருந்தால், உறையாமலேயே 0 டிகிரிக்குக் கீழே, பெரும்பாலும் ஒரு டிகிரியின் நூறில் சில பங்கு மட்டும், இறங்குகிறது.

அந்நிலையில் விழும் பனித்துகளோ, தெறித்துக் காற்றில் உறைந்து திரும்பும் திவலையோ விதையாக அமைந்தால் போதும். நீரெங்கும் மெல்லிய வட்டத் தகடு வடிவில் பனிப்படிகங்கள் தோன்றுகின்றன. அவை ஒன்றோடொன்று மோதி உடையும்போது சிதறும் துணுக்குகளே புதிய விதைகளாவதால், எண்ணிக்கை மிக விரைவாகப் பெருகும். இதை ஃபிரேசில் பனி என்பார்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீர் உறைநிலைக்குக் கீழே இருக்கும் வரை இப்படிகங்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால், தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. சுழல்கள் அவற்றை அடித்தளத்துக்குக் கொண்டுசெல்ல, கற்களின்மேல் படிந்து அங்கேயே பெருகுகின்றன. நீங்கள் கண்ட நங்கூரப் பனி இதுவே. ஆழம் குறைந்த, பரற்கற்கள் நிறைந்த ஓடைகளில், மேகமற்ற இரவுகளில் இது மிகுதி. காலை வெயில் பட்டு நீர் சற்றே வெதும்பியதும் பிடி தளர்ந்து, சில வேளைகளில் கற்களையும் சுமந்துகொண்டு மேலே மிதந்துவிடும்.

நீர்மின் நிலையங்களில் இதனால் நேரும் தொல்லை பெரிது. நீர் உட்புகும் வாயிலின் கம்பித் தட்டிகளில் ஃபிரேசில் அப்பினால் சில மணி நேரத்திலேயே வழி அடைபடலாம். ஆகவே ஓட்டத்தைக் குறைத்து, மேற்பரப்பில் பனிமூடி விரைவில் உருவாகுமாறு செய்வதுண்டு. மூடி விழுந்துவிட்டால் கீழுள்ள நீர் காற்றுக்கு வெப்பத்தை இழப்பது மிகவும் குறைந்து, புதிய ஃபிரேசில் தோன்றுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஓடும்போது உராய்வினால் உண்டாகும் வெப்பம் நீரை உறையாமல் காக்காதா?

மறுமொழி 1:
கணக்கிட்டே பார்க்கலாம். நீர் 1 மீட்டர் கீழிறங்கும்போது கிடைக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் 0.0023 டிகிரிதான் உயரும். கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், ஒரு மணி நேரத்தில் 3.6 மீட்டர் இறங்கி 0.008 டிகிரி பெறும். அரை மீட்டர் ஆழமுள்ள அதே ஓடை சதுர மீட்டருக்கு 200 வாட் வீதம் வெப்பத்தை இழந்தால், மணிக்கு 0.34 டிகிரி குளிரும். எனவே சாதாரணச் சரிவில் உராய்வு வெப்பத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அருவிபோல் செங்குத்தாக இறங்கும் மலையோடைகளின் கணக்கு வேறு. ஊற்றுநீர் கலக்கும் இடங்களும் அப்படியே. நிலத்தடியிலிருந்து வரும் நீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருப்பதால், ஊற்றுக்கு அருகே குளிர்காலம் முழுவதும் ஓடை திறந்தே கிடக்கும். ஓடும் நீர் உறையாது என்ற எண்ணம் பெரும்பாலும் இத்தகைய இடங்களைப் பார்த்தே எழுந்திருக்கலாம் என்பது என் கருத்து.