பாடகர் 'மேனேஜர்' உண்மையானவரா? விசாரிக்க வழி சொல்லுங்க

அண்ணன்மார், ஆச்சிமாருக்கு வணக்கம். காரைக்குடி பக்கம் சின்னதா ஒரு மண்டபம் நடத்துறேன். வர்ற தையில ஒரு அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூர்ல இருக்கிற பிள்ளைங்க, டிவியில வர்ற ஒரு பாடகரை அழைச்சுத் தரச் சொல்றாங்க.

விசாரிச்சதுல 'மேனேஜர்'னு ஒருத்தர் வாட்ஸ்அப்புல வந்தார். பாதிப் பணம் இன்னைக்கே ஜிபே பண்ணணுமாம், இல்லைன்னா தேதி திருப்பூர் பார்ட்டிக்குப் போயிடுமாம். வீடியோ கால்ல பாடகரைக் காட்டச் சொன்னா, "சார் ஷூட்டிங்ல இருக்காரு." அனுப்பின லெட்டர்பேடில விலாசம் வடபழனி, ஜிஎஸ்டி எண்ணோ 27-ல ஆரம்பிக்குது. அது மகாராஷ்டிரா, நம்ம தமிழ்நாட்டுக்கு 33. பணம் போடச் சொன்னதும் கம்பெனி கணக்கு இல்லை, யாரோ தனிஆள் பேரு. எனக்கு மனசு ஒப்பலை, பத்துப் பைசா அனுப்பலை.

தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கலைஞர்களை அழைச்சு விசேஷம் நடத்தினவங்க இருந்தா சொல்லுங்க: பாடகரோட உண்மையான மேனேஜர் நம்பரை எப்படிப் பிடிச்சீங்க? அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் போட்டீங்களா?

பணம் போனபிறகுதான் 1930-க்கு (சைபர் மோசடி புகார் நம்பர்) அடிக்கணுமா, இல்லை இப்பவே இந்த நம்பரைப் புகார் பண்ண முடியுமா? பிள்ளைங்க தினமும் கேட்கிறாங்க, சீக்கிரம் சொன்னா உதவியா இருக்கும்.