ராத்திரி கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தில் லினக்ஸ் கேமிங்: உங்கள் அனுபவம் எப்படி?

தலவாக்கலை:
டீ ஃபெக்டரியில் வேலை. கொழுந்து வரத்து கூடிவிட்டால் வீட்டுக்கு வந்து சேரவே இருட்டிவிடும். பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணித்தியாலம்தான் எனக்கு. வேலைக்குப் போகிற மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. என் லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசசர். விண்டோஸ் 11 பட்டியலில் அதற்கு இடமில்லை. புதியது வாங்கலாம் என்றால் விலையைக் கேட்டதுமே தலை சுற்றுகிறது. சரி என்று, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டேன். கேம் வாங்கி இறக்க உதவும் ஸ்டீமை நிறுவி, செட்டிங்ஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் புரோட்டோனை எல்லா கேமுக்கும் இயக்கிவிட்டேன், அவ்வளவுதான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருளை அடிப்படையாக வைத்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது இந்தப் புரோட்டோன். விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்3டியில் எழுதிய கேமை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறை வழியாக ஓடவைக்கும்.

முதல் தடவை கேமைத் திறக்கும்போது, ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயார்செய்வதாகச் சொல்லி ஒரு பட்டை மெல்ல ஊரும். நான் அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிவைத்துவிடுவேன். அடுத்த நாளிலிருந்து அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இல்லை.

இப்போது ஓடுவது ஹேடிஸ். ஒவ்வோர் அறையாகப் போகிற கேம். நடுவில் நின்றாலும் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். காற்று மழைக்கு லைனில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில், அதுவும் பேட்டரி இளைத்துப்போன லேப்டாப்பில், கிராபிக்ஸைவிட இதுதான் எனக்குப் பெரிது.

பண்டாரவளை:
நான் டீச்சர். கொப்பி திருத்தி முடித்தால்தான் கேம். ஸ்டார்டியூ வேலிக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது, புரோட்டோன் தேவையில்லை. மற்றதெல்லாம் வாங்குமுன், எந்த கேம் புரோட்டோனில் எப்படி ஓடுகிறது என்று விளையாடுபவர்கள் எழுதும் புரோட்டோன்டிபி தளத்தில் பார்ப்பேன். பிளாட்டினம், கோல்ட் என்று மேலே போட்டிருப்பதைவிட, நம்முடையதைப் போன்ற பழைய கிராபிக்ஸ் வைத்திருப்பவர் அண்மையில் எழுதியதைத் தேடிப் படிப்பதுதான் உதவும்.

ஒரு கேமில் கதைக்காட்சி வரவேண்டிய இடத்திலெல்லாம், அந்தக் காலத்தில் டிவி நிகழ்ச்சி தொடங்குமுன் காட்டுவார்களே, அந்தக் கலர்ப் பட்டைகள் வந்தன. சத்தமும் இல்லை. வால்வுக்கு வெளியே தயாராகும் புரோட்டோன் பதிப்பான ஜிஇ-புரோட்டோனை நிறுவி, அதற்கு மாற்றியதும் காட்சி ஓடியது. நிறுவியபின் கேமின் ப்ராப்பர்ட்டீஸில் பதிப்பைத் தெரிவுசெய்வதுதான் வேலை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பக்கமே போகவில்லை.

ஹட்டன்:
கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “ஒன்லைனில் என்ன விளையாடுவீங்க?” வலோரண்ட், ஃபோர்ட்நைட் என்றால், “விண்டோஸை அழிக்க வேணாம் தம்பி” என்றுதான் சொல்வேன். ஒன்லைன் கேமில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்களான ஈசி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021இலேயே புரோட்டோனுக்குக் கதவைத் திறந்துவிட்டன. ஆனால் அந்தந்த கேம் நிறுவனம் அனுமதித்தால்தான் ஓடும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் அதையும் லினக்ஸுக்கு மூடிவிட்டார்கள். இந்த விஷயத்தில் லினக்ஸைத் திட்டிப் பயனில்லை, நாம் எவ்வளவு தோண்டினாலும் சரிவராது.

இரண்டு ஓஎஸ்ஸும் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் டிரைவில் கிடக்கும் கேமை லினக்ஸிலிருந்து அப்படியே ஓட்டப் பார்க்கிறார்கள். விண்டோஸ் டிரைவின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் புரோட்டோன் அடிக்கடி முரண்டுபிடிக்கும். லினக்ஸ் பக்கம் தனியாக இடம் ஒதுக்குங்கள்.

தலவாக்கலை அண்ணன், டேட்டா பற்றி நீங்கள் சொல்லவில்லை. பெரிய கேம் ஒன்றை இறக்கினாலே மாதப் பேக்கேஜ் காலி. 2023இலிருந்து ஸ்டீமில் ஒரு வசதி உண்டு: அதே கேம் ஏற்றிய இன்னொரு கணினி பக்கத்தில் இருந்தால் இணையத்துக்குப் போகாமல் லேன் (வீட்டு நெட்வொர்க்) வழியாகவே எடுக்கலாம். கேம் உங்கள் கணக்கிலும் இருக்கவேண்டும். கொடுப்பவர் செட்டிங்ஸில் நண்பர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் மற்றக் கணினி கண்ணில் படாது. வைஃபையைவிட கேபிள் போட்டு எடுங்கள்.